எக்கோவில் கட்டி தெரிந்தால் அதன் அடியைத் தேடுங்கள்

ஒலி அலைகளால் இதயத்தைத் திரையில் காட்டும் ஸ்கேன்தான் எக்கோ. நான் எக்கோ அறையில் வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம். ஒரு பெரியவருக்கு வலது ஏட்ரியத்தில், அதாவது இதயத்தின் வலது மேல் அறையில், வெள்ளையாக வலை போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் வார்டுக்குப் போயிருந்தார். கூட வந்த மகள் திரையைப் பார்த்து, "என்னம்மா அது?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏதோ கட்டி மாதிரி இருக்கு, டாக்டர் வந்து சொல்வாங்க" என்றேன். டாக்டர் திரும்புவதற்குள் வராந்தாவில் நான்கு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் என் கையிலிருந்து, நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவியான புரோபை வாங்கி இரண்டு நிமிடம் பார்த்தார். "இது கியாரி வலை. நூறு பேரில் இரண்டு பேருக்கு இருக்கும். கருவில் இருந்த வால்வு முழுசாகக் கரையாமல் நின்ற மிச்சம்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதெல்லாம் நடந்து 22 வருடம் ஆகிறது. இப்போது மதுரையில் என் அறையில் மூன்று பிள்ளைகள் வேலை பழகுகிறார்கள். "அக்கா, இங்க வாங்க, இது கிளாட்டா மிக்சோமாவா?" என்று அவ்வப்போது குரல் வரும். கிளாட் என்றால் ரத்தக்கட்டி. மிக்சோமா என்பது இதயத்துக்குள்ளேயே வளரும், கேன்சர் இல்லாத ஒரு கட்டி. போய்ப் பார்த்தால் பாதி நேரம் இரண்டும் இல்லை. அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து டாக்டருடையதுதான். ஆனால் நாம் எடுக்காத படத்தை அவரால் பார்க்க முடியாது.

இதயத்திலேயே பிறக்கும் கட்டி எவ்வளவு அரிது என்றால், பத்தாயிரம் பிரேதப் பரிசோதனைகளில் இரண்டு என்ற அளவில்தான் பழைய கணக்குகள் சொல்கின்றன. வேறு உறுப்பில் தொடங்கிய புற்றுநோய் இதயத்துக்குப் பரவுவது அதைவிடப் பல மடங்கு அதிகம். இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் முக்கால்வாசிக்கு மேல் கேன்சர் இல்லாதவை. கேன்சர் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. வால்வு வாசலில் தொங்கும் ஒரு உருண்டை ரத்த ஓட்டத்தையே அடைக்கும். கடலைப் பருப்பு அளவுள்ள ஒன்று பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

முதலில் அது நிஜமா என்று பாருங்கள்

வெள்ளையாக ஒன்று தெரிந்த உடனே, எதிரொலியைப் பெருக்கும் அளவான கெய்னைக் குறையுங்கள். கெய்ன் அதிகமாக இருந்தால் சும்மா இருக்கும் ரத்தமும் கட்டி மாதிரி மின்னும். அப்புறம் டெப்தை (எவ்வளவு ஆழம் வரை பார்ப்பது) மாற்றுங்கள், புரோபைச் சற்று நகர்த்துங்கள், வேறு வ்யூவில் (கோணத்தில்) அதே இடத்தைப் பிடியுங்கள். நிஜப் பொருள் இரண்டு வ்யூவிலாவது அதே அறையில், அதே சுவரில் இருக்கும். ஒரு வ்யூவில் மட்டும் இருந்துவிட்டு அடுத்ததில் காணாமல் போனால் சந்தேகப்படுங்கள். இதயத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி நீண்டு, இதயத் துடிப்போடு சேர்ந்து அசையாமல் நிற்பது பெரும்பாலும் ஆர்டிஃபேக்ட், அதாவது மெஷின் உண்டாக்கும் பொய்ப் படம்.

ஈ.சி.ஜி. ஒயர்களை மாட்டாமல் எக்கோ எடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சாதாரண நாளில் தப்பித்துவிடலாம், இந்த வேலைக்கு ஆகாது. உருண்டை துடிப்பின் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே பாதிச் செய்தி. ஸ்டில் படம் பத்து எடுப்பதைவிட ஐந்து துடிப்பு ஓடும் ஒரு கிளிப் மேல்.

படுக்க வைப்பதற்கு முன்பே கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். முன்பு மாரடைப்பு வந்ததா, துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, கை கால் திடீரென்று விழுந்ததா, உடம்பில் வேறு எங்காவது கேன்சருக்கு வைத்தியம் நடந்ததா. இடது ஏட்ரியத்தில் தெரியும் அதே வெள்ளை உருண்டை, மைட்ரல் வால்வு (இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் உள்ளது) சுருங்கி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கில்லாத துடிப்பும் இருப்பவருக்கு ரத்தக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் ஊரில் ருமேட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட நோயாளிகள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வால்வும் துடிப்பும் நன்றாக இருப்பவருக்கு அதே உருண்டை இருந்தால் கதை வேறு.

அடி எங்கே

ஒருநாள் 42 வயதுப் பெண் ஒருவர் வந்தார். மாட்டுத்தாவணிப் பக்கம் பூக்கட்டுகிறவர். விரலில் வாழைநார்ச் சாயம். சீட்டில் "எம்.எஸ்.?" என்று எழுதியிருந்தது, அதாவது மைட்ரல் ஸ்டெனோசிஸ், மைட்ரல் வால்வு சுருக்கம் என்ற சந்தேகம். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட டாக்டரைக் குறை சொல்ல முடியாது. மிக்சோமா எழுப்பும் சத்தம் அந்த நோயின் சத்தத்தை அப்படியே ஒத்திருக்கும். நான் கேட்டதற்கு அந்த அம்மா ஒரு விஷயம் சொன்னார்: "ஒரு பக்கமாப் படுத்தா மூச்சு அடைக்குது, எந்திரிச்சு உக்காந்தா சரியாயிடுது." படுக்கும் பக்கத்தைப் பொறுத்து மூச்சுத் திணறல் மாறினால் உள்ளே ஏதோ நகர்கிறதோ என்று நினைக்கத்தான் வேண்டும்.

புரோபை வைத்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை மைட்ரல் வால்வு திறக்கும்போதும் எலுமிச்சம்பழம் போல ஒன்று மேலிருந்து கீழ் அறையான இடது வென்ட்ரிக்கிளுக்குள் விழுந்து, மூடும்போது மேலே ஏறிக்கொண்டது. வால்வு இதழ்கள் மெல்லியதாக, அழகாக இருந்தன.

இந்த இடத்தில் எல்லோரும் உருண்டையைத்தான் அளப்பார்கள். நான் சொல்வது, உருண்டையை விடுங்கள், அது எங்கும் ஓடாது. காம்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மிக்சோமாவில் முக்கால் பங்குக்கு மேல் இடது ஏட்ரியத்தில்தான் இருக்கும். அதிலும் பெரும்பாலானவை இரண்டு ஏட்ரியங்களுக்கும் நடுவே உள்ள சுவரான செப்டத்தில், ஃபோஸா ஓவாலிஸ் என்ற மெல்லிய பள்ளத்தின் அருகே ஒட்டியிருக்கும். நாலு அறையும் தெரியும் வ்யூவில் புரோபை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்தால் காம்பு ஒரு கணம் பளிச்சென்று வரும். வரவில்லையா? சப்காஸ்டல் வ்யூவுக்குப் போங்கள். விலா எலும்புக்குக் கீழிருந்து பார்க்கும்போது செப்டம் குறுக்கே கிடக்கும், நம் அலைகள் அதில் நேராக மோதும். நோயாளியிடம் "முழங்காலை மடக்குங்க, வயித்தைத் தளர்த்துங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிப் பொறுமையாகப் பாருங்கள். அந்த அம்மாவுக்குக் காம்பு கிடைத்ததும் அங்கேதான்.

ரத்தக்கட்டிக்கு இந்தக் காம்பு பெரும்பாலும் இருக்காது. அகலமாக அப்பிக்கொண்டிருக்கும். இடம் பார்த்தால் ஏட்ரியத்தின் பின்சுவர், அல்லது காது மடல் போன்ற இடது ஏட்ரியல் அப்பெண்டேஜ். வென்ட்ரிக்கிளில் என்றால் மாரடைப்பில் அசைவு செத்துப்போன சுவரின் மேல், பெரும்பாலும் நுனியில். நன்றாகச் சுருங்கி விரியும் சுவரில் கட்டி ஒட்டியிருந்தால் அதை ரத்தக்கட்டி என்று எழுத எனக்குக் கை வராது.

காம்பு கிடைத்தபின் அளவுகள். நீளம், அகலம், காம்பின் தடிமன், வால்வு வழியாக எவ்வளவு இறங்குகிறது, டாப்ளரில் (ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் முறை) மைட்ரல் கிரேடியன்ட், அதாவது வால்வின் இரு பக்கத்து அழுத்த வித்தியாசம், நுரையீரல் அழுத்தம். மேற்பரப்பு வழுவழுப்பா, அல்லது திராட்சைக் கொத்து மாதிரி பிசிறு பிசிறாக இருக்கிறதா என்று எழுதுங்கள். பிசிறு உள்ளவைதான் அதிகம் பிய்ந்து போகும். அப்புறம் மற்ற மூன்று அறைகளையும் விடாமல் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, ஆள் சின்ன வயதாக இருந்தாலோ, உதடு, கண் இமைகளில் கரும்புள்ளிகள் தெரிந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். கார்னி காம்ப்ளெக்ஸ் என்று குடும்பத்தில் வரும் ஒரு நோய் உண்டு. 1985-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கார்னி என்ற மருத்துவர் இதை விவரித்தார். அப்படியானால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் எக்கோ எடுக்க வேண்டியிருக்கும்.

ஒற்றைக் கோட்டில் அசைவைக் காட்டும் எம்-மோடைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை. ஒருமுறை போட்டுப் பாருங்கள். மைட்ரல் முன் இதழ் திறந்த பிறகு ஒரு நொடியில் சிறு பகுதி கறுப்பு இடைவெளி, அதற்கப்புறம்தான் இதழுக்குப் பின்னால் வெள்ளை மேகம் வந்து நிரம்பும். வால்வு திறந்ததற்கும் கட்டி விழுந்ததற்கும் நடுவிலான நேரம் அது. எட்லரும் ஹெர்ட்ஸும் 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் முதல் எக்கோவை எடுத்தார்கள். 1959-லேயே ஜெர்மனியில் எஃபர்ட் இந்த ஒற்றைக் கோட்டுப் படத்தை வைத்து ஏட்ரியத்துக்குள் கட்டியைக் கண்டுபிடித்து எழுதினார். நமக்கு 3டி, கலர் எல்லாம் இருக்கிறது. அவர்களுக்கு அந்த மேகமும் கறுப்பு இடைவெளியும்தான் இருந்தன.

வலது பக்கம் என்றால் ஐ.வி.சி.யைப் பார்க்காமல் எழுதாதீர்கள்

வலது ஏட்ரியத்தில் கட்டி தெரிந்தால் அதன் அடி இதயத்திலேயே இல்லாமல் இருக்கலாம். சப்காஸ்டலில், உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய ரத்தக்குழாயான ஐ.வி.சி.யை நீளவாக்கில் திறந்து, கல்லீரல் தாண்டிக் கீழே வரை போங்கள். கிட்னியில் தொடங்கிய கேன்சர் குழாய் வழியாகவே ஏறி ஏட்ரியம் வரை தலைகாட்டும். கர்ப்பப்பை நார்க்கட்டி இருக்கும் பெண்களுக்கும், அதற்காகக் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கும், அந்தத் தசைக்கட்டியே ரத்தக்குழாய்க்குள் வளர்ந்து இதயம் வரை வருவது உண்டு. அதுவும் கேன்சர் இல்லாததுதான். ஆனால் அறுவை செய்கிறவருக்கு இது முன்கூட்டியே தெரியாவிட்டால் நெஞ்சைத் திறந்தபின் திண்டாட்டம்.

கட்டி போல நடிப்பவை

கியாரி வலையைச் சொல்லிவிட்டேன். அதன் பங்காளி யுஸ்டேகியன் வால்வு, ஐ.வி.சி. நுழையும் இடத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இடது ஏட்ரியத்தில் அப்பெண்டேஜுக்கும் மேல் நுரையீரல் ரத்தக்குழாய்க்கும் நடுவில் உள்ள மடிப்பு, காது குடையும் பஞ்சுக்குச்சி போல நுனி பருத்துத் தெரியும். இதை ரத்தக்கட்டி என்று நினைத்து வார்ஃபரின் கொடுத்த காலம் உண்டு, அதனாலேயே வார்ஃபரின் மடிப்பு என்று பெயர் வந்தது. வலது வென்ட்ரிக்கிள் குறுக்கே ஓடும் மாடரேட்டர் பேண்ட் எல்லோருக்கும் இருப்பது. பருமனான பெரியவர்களுக்கு ஏட்ரியல் செப்டத்தில் கொழுப்பு சேர்ந்து உடற்பயிற்சி டம்பெல் போல இரு பக்கமும் வீங்கியிருக்கும், நடுவில் ஃபோஸா மட்டும் ஒல்லியாக இருக்கும். அந்த ஒல்லி இடத்தைக் கண்டுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது இரைப்பை ஏறிய கேஸ். வயிற்றின் மேல்பகுதி உதரவிதானம் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருக்கும் பெரியவர்களுக்கு, இடது ஏட்ரியத்தின் பின்னால் பெரிய கட்டி அழுத்துவது போலத் தெரியும். ஒரு ஐயாவுக்கு வெளியே ஸ்கேன் பார்த்து "இதயத்துக்குப் பின்னால் கட்டி" என்று சொல்லி, அவர் பத்து நாள் சாப்பிடாமல் வந்திருந்தார். டாக்டர் கீழே கடையிலிருந்து ஒரு கோலி சோடா வாங்கி வரச் சொன்னார். புரோபைப் பிடித்தபடியே ஐயாவைக் குடிக்கச் சொன்னோம். "கட்டி"க்குள் குமிழிகள் சுழன்றன. ஐயா மிச்சச் சோடாவையும் குடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

வால்வின் மேல் சின்னதாக

பக்கவாதம் வந்த ஐம்பது வயதுக்காரர், பிபி இல்லை, சுகர் இல்லை, கழுத்து ரத்தக்குழாய் சுத்தம். இப்படி ஒருவர் வந்தால் வால்வு இதழ்களை ஒவ்வொன்றாக ஜூம் செய்து பாருங்கள். பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா என்ற கட்டி பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். அயோர்ட்டா என்ற பெரிய ரத்தக்குழாயின் வாசலில் உள்ள அயோர்ட்டிக் வால்வில் அதிகம், அடுத்தது மைட்ரல். வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டால் கடல் சாமந்தி மாதிரி விரல் விரலாக விரியும். எக்கோவில் அந்த விரல்களின் விளிம்பு மினுக் மினுக்கென்று நடுங்கும். செக்டார் (படத்தின் விசிறி) அகலத்தைக் குறைத்து ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம்) ஏற்றினால்தான் அது தெரியும்.

இதை எண்டோகார்டைட்டிஸ் என்ற வால்வுத் தொற்றின் கிருமிக்கட்டியோடு குழப்பிக்கொள்வது சகஜம். கிருமிக்கட்டி என்றால் காய்ச்சல் இருக்கும், வால்வு அரிக்கப்பட்டு ஒழுகும், அயோர்ட்டிக் வால்வில் என்றால் வென்ட்ரிக்கிள் பக்கம் ஒட்டியிருக்கும். ஃபைப்ரோஎலாஸ்டோமா பெரும்பாலும் அயோர்ட்டா பக்கம், இதழின் நடு உடம்பில் ஒட்டும், வால்வு வேலையைக் கெடுக்காது. இதழ்கள் சேரும் ஓரத்தில் நூலிழை போல ஆடுவது லாம்பிள் இழை. வயதானால் வருவது.

நெஞ்சின் மேல் புரோபை வைத்துப் பார்த்துத் தெளியவில்லை என்றால் டி.இ.இ., தொண்டை வழி எக்கோ. 6 மணி நேரம் வெறும் வயிறு, பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும், விழுங்குவதில் கஷ்டம் உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும். ஸ்ப்ரே அடித்த தொண்டை மரத்துக் கிடக்கும், உணர்வு திரும்பும் வரை காபிகூடக் கூடாது. டாக்டர் 90 முதல் 110 டிகிரிக்குத் திருப்பும்போது செப்டம் படுக்கை விரித்தது போல வரும். காம்பைக் காட்ட அதைவிட நல்ல வ்யூ கிடையாது, அந்தக் கிளிப்பைச் சேமிக்க மறந்துவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பும்போது

சீட்டில் வெறுமனே "கார்டியாக் எம்.ஆர்.ஐ." என்று எழுதி அனுப்பினால் அவர்கள் வழக்கமான வரிசையை எடுத்துத் தந்துவிடுவார்கள். எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை மில்லிமீட்டர், நமக்கு என்ன சந்தேகம் என்று இரண்டு வரி சேருங்கள். முடிந்தால் எக்கோ கிளிப்பையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் பலமுறை கன்சோல் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டியின் உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும். டி1, டி2 என்பவை எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் இரண்டு முறைகள். டி1 படத்தில் வெள்ளையாக இருந்து, கொழுப்பை அடக்கும் முறையில் எடுத்தால் கறுத்துப்போனால் அது லிப்போமா, கொழுப்புக் கட்டி. சி.டி.யில் அதே இடம் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணை மைனஸ் ஐம்பதுக்குக் கீழே காட்டும். டி2-வில் வெள்ளையாகவும், படத்தைத் தெளிவாக்கும் காடோலினியம் மருந்து போட்டபின் திட்டுத்திட்டாகவும் ஏறினால் மிக்சோமாவுக்குப் பொருந்தும். டி2-வில் பல்பு எரிவது போல மின்னி, மருந்து போன உடனே நிறைந்தால் ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி: ஹெமாஞ்சியோமா, அல்லது பாராகாங்லியோமா. பின்னது என்றால் நோயாளிக்கு பிபி திடீர் திடீரென்று ஏறுகிறதா, வியர்க்கிறதா என்று கேட்க வேண்டும். அதில் ஊசி போட்டுச் சதை எடுக்கப் போனால் வம்பு.

ரத்தக்கட்டிக்கு ரத்த ஓட்டம் இல்லை. மருந்து முதல் முறை சுற்றிவரும்போது சுற்றிலும் வெளுக்கும், அது மட்டும் கறுப்பாகவே நிற்கும். எம்.ஆர்.ஐ.யில் இன்வர்ஷன் டைம் என்ற நேர அமைப்பை 600 மில்லிசெகண்ட் அளவுக்கு நீட்டி எடுக்கச் சொன்னால் இன்னும் தெளிவு. அப்படியும் சந்தேகம் என்றால், ரத்தம் உறையாத மருந்து சில வாரம் கொடுத்து டாக்டர் மறுபடி எக்கோ பார்ப்பார். கரைந்தால் ரத்தக்கட்டி.

எம்.ஆர்.ஐ.க்கு ஒரு பலவீனம் உண்டு. அது பல துடிப்புகளைச் சேர்த்துத்தான் ஒரு படம் செய்கிறது. வால்வில் ஆடும் சின்னக் கட்டி அதில் மங்கிக் காணாமல் போகும். "எம்.ஆர்.ஐ. நார்மல்" என்று வந்ததற்காக நாம் எக்கோவில் கண்ணால் பார்த்ததை அழித்துவிட வேண்டாம். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும், மூச்சுப் பிடிக்க முடியாதவர்களுக்கும் படம் சரியாக வராது. கிட்னி மிகவும் பலவீனமானவர்களுக்கு காடோலினியம் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

குழந்தை என்றால்

கணக்கே மாறும். குழந்தைகளுக்கு மிக்சோமா அபூர்வம், ராப்டோமயோமா என்ற தசைக்கட்டிதான் அதிகம். வென்ட்ரிக்கிள் தசைக்குள் வெள்ளை உருண்டைகளாக, பெரும்பாலும் ஒன்றுக்கு மேல். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வயிற்று ஸ்கேனிலேயே தெரிந்துவிடுவது உண்டு. எத்தனை என்று எண்ணுங்கள், எதாவது ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கிறதா என்று டாப்ளர் போடுங்கள். பல கட்டிகள் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பிறவி நோய் இருக்கிறதா என்று தோல், மூளை, கிட்னி எல்லாம் பார்ப்பார்கள். இந்தக் கட்டிகள் பிறந்தபின் தானாகவே சுருங்கிப் போகும் வழக்கம் உள்ளவை. வழி மறித்தால், துடிப்பு கெட்டால் தவிர யாரும் கத்தி வைக்க அவசரப்பட மாட்டார்கள். ஒற்றையாக, சுவருக்குள் கெட்டியாக, நடுவில் சுண்ணாம்புத் திட்டோடு இருந்தால் ஃபைப்ரோமா என்ற நார்க்கட்டியை நினையுங்கள். அது தானாகச் சுருங்காது. எம்.ஆர்.ஐ.யில் டி2-வில் கறுப்பாகவும், மருந்து போட்டுச் சில நிமிடம் கழித்து எடுத்த படத்தில் பளீரென்றும் இருக்கும்.

எழுதும்போது

"மிக்சோமா" என்று ரிப்போர்ட்டில் முடித்துவிடாதீர்கள். "ஃபோஸா ஓவாலிஸில் காம்புடன் ஒட்டிய, அசையும் கட்டி, இத்தனைக்கு இத்தனை, மிக்சோமாவாக இருக்க அதிக வாய்ப்பு" என்று எழுதலாம். இறுதிப் பெயரை, எடுத்த சதையைச் சோதிக்கும் பேத்தாலஜி சொல்லட்டும். அகலமான அடி, சுவர்களைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போவது, 5 சென்டிமீட்டருக்கு மேல், இதயத்தின் உறையான பெரிகார்டியத்தில் நீர், இவற்றில் ஏதாவது இருந்தால், முக்கியமாக வலது ஏட்ரியத்தில் இருந்தால், கேன்சர் சந்தேகம். அதைத் தனி வரியில் எழுதுங்கள்.

வால்வுக்குள் இறங்கி ஏறும் கட்டியைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு நோயாளி கையில் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. டாக்டருக்கு உடனே போன். நோயாளியைச் சக்கர நாற்காலியில் உட்கார வையுங்கள். கூட வந்தவர் திரையைக் காட்டிக் கேட்டால், "டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க, நீங்க அதுவரைக்கும் இங்கயே உக்காருங்க" போதும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். எனக்கு அது வர வருடங்கள் ஆயின.

பூக்கட்டும் அம்மாவை அன்றே சேர்த்துவிட்டார்கள், அந்த வாரமே அறுவை. சுவீடனில் கிராஃபோர்ட் 1954-ல் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதன்முதலாக ஒரு மிக்சோமாவை எடுத்தார். இன்றைக்கும் முறை ஏறத்தாழ அதேதான், காம்பைச் சுற்றியுள்ள செப்டத்தையும் சேர்த்து எடுத்துவிட்டு ஒட்டுப் போடுவார்கள். அடி மிஞ்சினால் திரும்ப முளைக்கலாம், அதனால் வருடா வருடம் எக்கோ. அந்த அம்மா வரும்போது நான் பழைய கிளிப்பைப் பக்கத்தில் ஓடவிட்டு, அதே டெப்த், அதே வ்யூ வைத்துப் பார்ப்பேன். போன மாதமும் வந்தார். செப்டத்தில் ஒட்டு மட்டும் சற்று வெள்ளையாகத் தெரிந்தது, கலரில் ஒழுகல் இல்லை. இறங்கும்போது, "இன்னும் எத்தனை வருஷம்மா இந்தக் குளுகுளு ஜெல்லு?" என்று கேட்டுவிட்டு மேசையில் ஒரு முழம் மல்லி வைத்துவிட்டுப் போனார்.